தர்ராஜாவும் தரஜாவும்

அரபு மொழியில் மிதிவண்டிக்குத் 'தர்ராஜா' என்று பெயர். படி, தகுதி என்னும் பொருளில் நம் வீடுகளில் வழங்கும் 'தரஜா'வும் அதே வேரினின்று கிளைத்ததே. அடியடியாக நடத்தல் என்பது அவ்வேரின் பொருள். இதனை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லிவந்த நமக்கு, அது உள்ளபடி விளங்கியது சென்ற ஆண்டில்தான்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, இராசிபுரத்தை அடுத்த சமவெளியில் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தப் உள்ளது. ஒருநாள் மாலை மாணவனொருவன் ஒற்றைச் சக்கர வண்டியில் வந்து இறங்கினான். சர்க்கஸ் கூடாரத்தில் மட்டுமே நாம் கண்டிருந்த பொருள் அது. மறுநாள் அவன் தாயார் வந்து முறையிட்டார்: "ஓதுற பிள்ளைக்கு இந்த வித்தை எதுக்குங்க அஜ்ரத்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவான்."

சொல்லிவிடும் எண்ணத்துடனேயே அவனை அழைத்தோம். "ஒரு தடவை பாருங்க அஜ்ரத்" என்று இறக்கத்தில் ஏறி அமர்ந்தான்.

அவ்வண்டியில் சங்கிலியில்லை. மிதி, சக்கரத்தின் அச்சோடு நேரே பிணைந்தது. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும். ஆதலால், மிதியாமல் மிதந்து செல்ல வேண்டுமெனில் இரு கால்களையும் மிதியினின்று எடுத்துவிட வேண்டும். ஒரு கால் சட்டத்தின் மேல். மற்றொன்றின் காலணி சுழலும் டயரின் மேல். இறக்கம் வண்டியை இழுக்கும். உடல் பின்சாயும்போது கால் டயரைச் சற்றே அழுத்தும். சக்கரம் தளர, பின்தங்கிய உடல் அதன் மேல் வந்து சேரும். அழுத்தம் மிகுந்தால் முன்னே விழுவான். குறைந்தால் பின்னே விழுவான். பலமுறை விழுந்துதான் கற்றானாம்.

நம் இளமை நினைவில் எழுந்தது. வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, ஏரிக்கரை இறக்கத்தில் முதன்முதலாக மிதியாமல் மிதந்த நாள்! கூடவே தங்கையின் குரலும் எழுந்தது: "எனக்கும் கத்துக்குடுங்கண்ணே." பொம்பளப் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கென்று அதட்டி அனுப்பினோம். நம் தரஜா குறைந்துவிடும் என்று அஞ்சினோம் போலும்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே பெண்கள் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் பழகினர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். செய்தியைப் படித்தோம், தங்கையிடம் சொல்லவில்லை. அவள் இன்றும் சந்தைக்குப் போகப் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள்.

இரண்டாம் முறையும் அதே தவற்றைச் செய்ய நம் நா எழவில்லை. "ஓதட்டும், வண்டியும் ஓட்டட்டும். தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள். லாரி ஓடும் சாலைக்கு மட்டும் விடாதீர்கள்" என்று அத்தாயாரிடம் கூறினோம்.

அடுத்த வாரமே தங்கையின் பேத்திக்கு ஒரு சிறு மிதிவண்டி வாங்கிச் சென்றோம். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிய தங்கை, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த ஒரு தள்ளுத் தள்ளிவிட நாப்பது வருசம் ஆச்சுங்களாண்ணே?"

விடை சொல்ல நமக்கு எந்த மொழியிலும் சொல் கிட்டவில்லை. வண்டியின் மறுபுறத்தைப் பிடித்துக்கொண்டு நாமும் ஓடினோம்.