திரும்பி வராத ஒரு கிட்டார்... டெட்ராய்ட்டின் வெள்ளை வீட்டில் பிறந்த 'தும் தும்' சத்தம்!

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணம், டெட்ராய்ட் நகரம். வெஸ்ட் கிராண்ட் பொலிவார்டில் 2648-ம் எண் வீட்டைப் பார்த்தால், உலகத்தையே ஆட வைத்த இசை இங்கிருந்துதான் கிளம்பியது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு மாடி, வெள்ளைச் சுவர். முகப்பில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று நீல நிறத்தில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து இல்லாவிட்டால், தெருவில் இருக்கும் இன்னொரு குடும்ப வீடு என்று தாண்டிப் போய்விடலாம்.

மோட்டவுன் இசை நிறுவனம் தொடங்கிய வீடு இது. குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொழிலை ஆரம்பித்த பெர்ரி கோர்டி, 1959-ல் இந்த வீட்டை வாங்கினார். அதற்கு முன்பு இங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. பின்பக்க கராஜ், 'ஸ்டூடியோ ஏ' என்ற ஒலிப்பதிவுக் கூடமாக மாறியது. 1972-ல் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட, பெர்ரி கோர்டியின் அக்கா எஸ்தர் கோர்டி எட்வர்ட்ஸ் ஊரைவிட்டு நகரவில்லை. 1985-ல் இந்த வீட்டை மியூசியமாக்கியவர் அவர்தான்.

உள்ளே நுழைந்தால் சின்னச் சின்ன ஆச்சர்யங்கள். ஓரிடத்தில் மேற்கூரையில் ஒரு ஓட்டை. அதன் கீழே நின்று கைதட்டினால் சத்தம் மேலே போய்ச் சுற்றிவிட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. அந்தக் காலத்தில் பாட்டுக்கு 'எக்கோ' சேர்த்த வழி இது! இன்னோர் இடத்தில் பழைய மிட்டாய் மெஷின். சிறுவனாக இங்கே பாட வந்த ஸ்டீவி வொண்டருக்குப் பார்வை கிடையாது. அவருக்குப் பிடித்த சாக்லேட்டை மெஷினில் எப்போதும் ஒரே இடத்தில்தான் வைப்பார்களாம், தடவிப் பார்த்து எடுத்துக்கொள்வதற்காக.

சில படிகள் கீழே இறங்கினால் ஸ்டூடியோ ஏ. தரையிலும் கூரையிலும் கேபிள்கள் பாம்பு போல நெளிந்து கிடந்ததால், வாசித்தவர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் 'ஸ்னேக்பிட்', அதாவது பாம்புக் குழி. ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக் குழு ராத்திரி பகல் பார்க்காமல் வாசித்த இடம் அது. அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

முதலில் ஹெட்போனை மாட்டுங்கள்

இளையராஜா பாடல்களை ஹெட்போனில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பாட்டுக்குக் கீழே, தாளத்தோடும் மெட்டோடும் கைகோத்து நடக்கும் அந்தக் கனத்த 'தும் தும்' சத்தம்தான் அது. நான்கு கம்பிகள். மிகத் தடிமனான கம்பி, விநாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. எனவே இந்தக் கட்டுரையில் வரும் பாடல்களைத் தேடிக் கேட்பதாக இருந்தால், ஹெட்போன் கட்டாயம்.

1950 வரை இந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், வயலின் குடும்பத்தின் பெரியண்ணன். காரில் ஏற்றுவது பெரும்பாடு. டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும்போது அதன் சத்தம் காணாமல் போய்விடும். கழுத்தில் ஃப்ரெட் என்ற உலோகக் கட்டைகள் இல்லாததால் சுருதி தவறுவதும் சுலபம்.

இதற்கெல்லாம் விடை கண்டவர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. 1951-ல் அவர் கொண்டுவந்த மின்சார பேஸ் கிட்டாரை, தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி வாசிக்கலாம். ஃப்ரெட் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும். அதனாலேயே அதற்கு 'பிரசிஷன் பேஸ்' என்று பெயர். வாசிப்பவர்கள் சுருக்கமாக 'பி பேஸ்' என்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல்

எல்லா பேஸ் கிட்டாருக்கும் அதே நான்கு கம்பி, அதே சுருதி. பிறகு ஏன் ஒன்று போல இன்னொன்று ஒலிப்பதில்லை?

பெரிய காரணம், பிக்கப் இருக்கும் இடம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய பொருள். மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால், இதற்குள் மின்சாரம் அலையும். அந்த அலைதான் ஸ்பீக்கருக்குப் போகிறது. தந்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. கழுத்துப் பக்கம் பெரிதாக, சோம்பலாக ஆடும். தந்தி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கம் சின்னதாக, விறைப்பாக ஆடும். கழுத்தருகே பிக்கப் வைத்தால் உருண்டையான, கனத்த ஒலி கிடைக்கும். பிரிட்ஜ் அருகே வைத்தால் கூர்மையான, மூக்கால் பேசுவது போன்ற ஒலி.

பி பேஸில் பிக்கப் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. 1957-ல் அதை இரண்டு துண்டாகப் பிரித்து, மேலும் கீழுமாகத் தள்ளி வைத்தார்கள். இரைச்சல் குறைந்தது. ஒலியோ நெஞ்சில் கையை வைத்துத் தட்டுவது போல, அளவான கனத்தோடு நின்றது. பாட்டில் வேறு எந்த வாத்தியத்தோடும் இது சண்டை போடாது. எந்த வகைப் பாட்டிலும் பி பேஸைத் தேடிப்போகிறவர்கள் இன்றும் இருப்பதற்கு அந்த குணம்தான் காரணம்.

ஜேமர்சன் கையில் இருந்தது 1962-ம் வருட பி பேஸ், சன்பர்ஸ்ட் நிறத்தில். அதை அவர் 'ஃபங்க் மெஷின்' என்று அழைத்தார். ஆனால் கடையில் அதே மாடலை வாங்கி வந்து வாசித்தால், அவர் சத்தம் வராது. அவர் பயன்படுத்தியது 'ஃப்ளாட்வவுண்ட்' தந்திகள். வழக்கமான தந்தியில் மேலே சுற்றியிருப்பது உருண்டைக் கம்பி. இதில் தட்டையான நாடா. விரல் உரசும் சத்தம் கேட்காது, உலோகக் கிணுகிணுப்பும் இருக்காது. அறுந்தால் ஒழிய அவர் தந்தியை மாற்றியதே இல்லை. அழுக்கேறிய தந்தியில்தான் ருசி இருக்கிறது என்பது அவர் கட்சி. போதாக்குறைக்கு, பிரிட்ஜ் மூடிக்குக் கீழே தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பஞ்சு. அது ஒலியை இழுக்க விடாமல் 'தும்' என்று வெட்டிவிடும். தந்திகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நின்றதால், மற்றவர்கள் அதை வாசிக்கவே திணறினார்களாம்.

இத்தனையையும் அவர் வாசித்தது வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால்! டெட்ராய்ட் பள்ளியில் டபுள் பேஸ் கற்றபோது வந்த பழக்கம். அந்த விரலுக்கே 'தி ஹுக்' என்று பட்டப்பெயர். 1964-ல் வந்த டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாட்டைப் போட்டால், முதலில் கேட்பது அவர் வாசித்த சின்னத் துணுக்குதான். பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே பாட்டு எதுவென்று தெரிந்துவிடும். மார்வின் கேவும் டாமி டெர்ரெலும் பாடிய 'ஏன்ட் நோ மவுண்டன் ஹை எனஃப்'பில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். கீழே தனியாக இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு மணி நேர தூரத்தில் வேறொரு சத்தம்

டெட்ராய்ட்டிலிருந்து மேற்கே ஐ-94 நெடுஞ்சாலையில் சுமார் 230 கி.மீ. போனால் கலமசூ. ஃபெண்டருக்குப் பெரும் போட்டியாக இருந்த கிப்சன் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலை அங்கே பார்சன்ஸ் தெருவில் இருந்தது. கிட்டார் உலகின் இரண்டு பெரிய பெயர்களில் ஒன்று பக்கத்து ஊரில் இருந்தும், டெட்ராய்ட் நகரத்தின் ஒலியாக மாறியது 3,000 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த கலிஃபோர்னியா கிட்டார்!

கிப்சன் 1953-ல் வயலின் வடிவில் ஒரு பேஸ் செய்தது. 1959-ல் 'இ.பி.-0' வந்தது. ஃபெண்டரின் தந்தி நீளம் 34 அங்குலம் என்றால், இதில் 30.5 அங்குலம்தான். சின்னக் கைக்கு வசதி. தந்தியில் விறைப்பு குறைவு என்பதால் ஒலியும் கொழகொழவென்று இருக்கும். பெரிய பிக்கப்பைக் கழுத்தோடு ஒட்டி வைத்துவிட்டார்கள். கனம் உண்டு, ஆனால் எந்த ஸ்வரம் என்று காது தேட வேண்டியிருக்கும். சேற்றைக் குறிக்கும் 'மட்' என்ற சொல்லைச் சேர்த்து அந்த பிக்கப்புக்கு 'மட்பக்கர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள் வாசிப்பவர்கள். கேலிதான் என்றாலும், க்ரீம் குழுவின் ஜாக் புரூஸ் போன்றவர்கள் இந்தக் குடும்பத்துக் கிட்டாரில்தான் உறுமலான ராக் ஒலியைக் கறந்தார்கள். கலமசூ தொழிற்சாலை 1984-ல் மூடப்பட்டது. ஊரைவிட்டுப் போக மனமில்லாத பழைய தொழிலாளர்கள் சிலர், அடுத்த வருடமே அதே கட்டடத்தில் 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள்.

கலிஃபோர்னியாவிலேயே இன்னொரு குரல், ரிக்கன்பேக்கர். மணி அடித்தது போலப் பளீரென்று வெட்டும். 'யெஸ்' குழுவின் 'ரவுண்டபவுட்' பாட்டில் கிறிஸ் ஸ்கொயர் வாசித்ததைக் கேட்டால் போதும், பிறகு எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

லியோ ஃபெண்டரும் சும்மா இருக்கவில்லை. 1960-ல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. மெல்லிய கழுத்து, இரண்டு பிக்கப். இரண்டையும் கலந்து வேண்டிய குரலை எடுத்துக்கொள்ளலாம். பிரிட்ஜ் பக்க பிக்கப்பை மட்டும் திறந்தால், பேஸ் கிட்டார் மனிதக் குரல் போல முனகும், பாடும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1962-ம் வருட ஜாஸ் பேஸ் ஒன்றில் ஃப்ரெட்டுகளை நீக்கிவிட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகைமேல் பூசி வாசித்தார். 1977-ல் வெதர் ரிப்போர்ட் குழுவோடு அவர் செய்த 'டீன் டவுன்', இன்றைக்கும் பேஸ் மாணவர்களுக்குப் பரீட்சைப் பேப்பர்.

ஜெர்மனியின் புபென்ராய்த் ஊரிலிருந்து வந்த ஹாஃப்னர் இன்னொரு ரகம். வயலின் வடிவம், உள்ளே வெற்றிடம், தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். ஒலி மரத்தைத் தட்டியது போல மென்மையாக எழுந்து சட்டென்று அடங்கும். 1961-ல் ஹாம்பர்க் நகரக் கடை ஒன்றில் பால் மெக்கார்ட்னி இதை வாங்கினார். அவர் இடதுகைப் பழக்கக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கிட்டார் என்றால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம்! பீட்டில்ஸின் 'ஆல் மை லவிங்' பாட்டில் நடைபோடும் பேஸ் அதுதான்.

காணாமல் போன மூன்று

இதில் ஒரு விசித்திரம். ஜேமர்சன், மெக்கார்ட்னி, ஜாக்கோ மூவரின் கிட்டார்களும் திருட்டுப் போயின.

மெக்கார்ட்னியின் ஹாஃப்னர், 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடப்பட்டது. ரசிகர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து துப்புத் துலக்க, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது. அதே வருட டிசம்பரில் லண்டன் மேடையில் அதை மாட்டிக்கொண்டு வாசித்தார் மெக்கார்ட்னி. ஜாக்கோவின் ஜாஸ் பேஸ் 1986-ல் நியூயார்க் பூங்கா ஒன்றில் காணாமல் போனது. அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். கிட்டார் மட்டும் சுமார் 20 வருடம் கழித்து ஒரு கடையில் தலைகாட்டியது. அதை மீட்கப் பணம் கொடுத்தவர், மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ரூஹியோ.

ஜேமர்சனின் கதை அப்படி முடியவில்லை. 1960-களில் அவர் வாசித்த எத்தனையோ ஹிட் பாடல்களின் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் முறையாகப் பெயர் வந்தது. நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியபோது அவரும் பின்னால் போனார். அங்கே காலம் மாறியிருந்தது. புதுத் தந்தி, பளபளப்பான ஒலி கேட்டார்கள். அவர் தன் தந்தியையும் மாற்றவில்லை, விரலையும் மாற்றவில்லை. வேலை குறைந்தது, குடி கூடியது. 1983-ல் மோட்டவுனின் 25-ம் ஆண்டு விழா நடந்தபோது அவர் மேடையில் இல்லை. டிக்கெட் எடுத்துப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதே வருடம் ஆகஸ்ட் 2-ம் தேதி அவர் இறந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஃபங்க் மெஷின் திருட்டுப் போனது. ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் 2000-ல் வந்தது. கிட்டார் வரவில்லை.

ஜேமர்சன் டெட்ராய்ட்டுக்கே திரும்பி வந்து, வுட்வர்ட் அவென்யூவில் உள்ள வுட்லான் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார். ஸ்டூடியோ ஏ-வுக்கு வருபவர்கள் மியூசியத்தைப் பார்த்துவிட்டு அங்கேயும் ஒரு நடை போய் வரலாம். ஃபங்க் மெஷினை இன்னமும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1962-ம் வருட பி பேஸ், சன்பர்ஸ்ட் நிறம், கழுத்தின் அடிப்பக்கத்தில் ஜேமர்சன் தன் கையால் பதித்த 'ஃபங்க்' என்ற சொல். இதுதான் அடையாளம்.