வினையை நிறுத்தும் கலை

கரிமப் பொருள் எதுவானாலும் எரித்துக் கரியமில வாயுவாக்கிவிடும் ஒளிவினையூக்கி என்ற பெயர் டைட்டானியம் டைஆக்சைடுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கிடைத்தது. ஆகவே நுட்பமான கரிமத் தொகுப்புக்கு அது உதவாது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். இந்த வினையூக்கிப் பொடியின் குணத்தையும் அதைச் சுற்றியுள்ள நீரின் குணத்தையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதே என் வாதம். அனடேஸ் வடிவத்தின் பட்டை இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீள ஒளி பட்டதும் எலக்ட்ரான் கடத்தல் பட்டைக்கு ஏறுகிறது; இணைதிறன் பட்டையில் ஒரு துளை விழுகிறது. அந்தத் துளை நீரைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கும். ஆல்கஹால், அதிலிருந்து வந்த ஆல்டிகைடு, பென்சீன் வளையம் என்று அது எதையும் விட்டுவைக்காது. நீர் இல்லாத இடத்தில் அதே துளை, பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானை வாங்கியாக வேண்டும். எது ஒட்டுகிறதோ அதுவே வினைபுரிகிறது. வேண்டிய விளைபொருளை மட்டும் தரும் தேர்திறனின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று பென்சைல் ஆல்கஹால். அசிட்டோநைட்ரைலில் ஆக்சிஜனோடும் கண்ணுறு ஒளியோடும் அதை ஏறக்குறைய முழுதாக பென்சால்டிகைடாக மாற்ற முடியும் என்று 2009-இல் ஹிகாஷிமோட்டோ குழுவினர் காட்டினர். ஆல்கஹாலும் சரி, பொடியும் சரி, தனித்தனியே அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. பரப்பில் இரண்டும் சேர்ந்து உண்டாகும் அணைவே உறிஞ்சுகிறது. ஆல்டிகைடு அப்படிப் பிணைவதில்லை, அதனால் தப்புகிறது என்பது என் புரிதல். அதே ஆண்டு ஜாவோ ஜின்சாய் குழுவினர் பென்சோடிரைஃபுளோரைடு கரைப்பானில் ஆல்கஹாலின் ஆக்சிஜனேற்றத்தை ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு ஆராய்ந்தனர். ஆல்டிகைடில் இருந்த ஆக்சிஜன் அணு ஆல்கஹாலுடையது அல்ல, வாயுவிலிருந்து வந்தது! கண்மூடித்தனமான எரிப்பில் இப்படி ஓர் ஒழுங்கான அணுப் பரிமாற்றம் நடக்காது.

நீரை விலக்கித்தான் தேர்திறன் வருமென்றால் பசுமை வேதியியல் என்ற பெருமை எங்கே போயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பலெர்மோ ஆய்வாளர்கள் அதை நேராகவே எதிர்கொண்டார்கள். டைட்டானியம் டைஆக்சைடின் இன்னொரு வடிவமான ரூட்டைலைப் படிகத்தன்மை குறைவாகத் தாங்களே தயாரித்து, நீரிலேயே மெத்தாக்சிபென்சைல் ஆல்கஹாலிலிருந்து சுமார் 60 விழுக்காடு தேர்திறனோடு அனிசால்டிகைடு பெற்றார்கள். ஃபெருலிக் அமிலத்திலிருந்து வெனிலின் செய்தபோது, உண்டான வெனிலினைச் சவ்வு வழியே ஆவியாக உடனுக்குடன் வெளியே எடுத்தார்கள். விளைபொருளைக் காப்பாற்ற வினையூக்கியைத் திருத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் அருகில் இருக்கவிடாமல் செய்தாலும் போதும். இந்த வழியை நம் துறை இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

மாற்றம் 5 விழுக்காடாக இருக்கும்போது தேர்திறன் 99 விழுக்காடு என்று சொல்வதில் பொருளில்லை என்ற கண்டனத்தை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும். மேற்கொண்டு ஒளி பாய்ச்சினால் விளைபொருள் என்ன ஆகிறது என்பதையும் காட்ட வேண்டும். ஒளிவினையூக்கிகளாக ருத்தேனிய, இரிடிய அணைவுகள் இருக்கும்போது இந்தப் பொடி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்பது எளிய பதில். அதைவிட முக்கியமானது, துளை, எலக்ட்ரான் இரண்டையும் ஒரே துகளில் வேலை வாங்கலாம் என்பது. ஆக்சிஜன் இல்லாத ஐசோபுரோப்பனாலில் துளை ஆல்கஹாலை அசிட்டோனாக்குகிறது. எலக்ட்ரான்கள் நைட்ரோபென்சீனை அனிலீனாக ஒடுக்குகின்றன. ஆனால் இடக்கை, வலக்கை மூலக்கூறுகளில் ஒன்றை மட்டும் வேண்டுவோருக்கு வெறும் பொடி பயன்படாது. அதற்குக் கைரல் துணைவினையூக்கி ஒன்றை உடன் சேர்த்தாக வேண்டும். அந்தத் துணையும் துளையின் தாக்குதலில் சிதையாமல் நிற்க வேண்டும்.