சத்தமும் சொல்லும்

ஒலியைப் பெருக்குதல் எளிது. பெருக்கிய ஒலியைச் சொல்லாகக் கேட்கச் செய்தல் எளிதன்று. தமிழையும் வரலாற்றையும் பாடமாகப் பயிலும் கலைப்பீட மாணவனாகிய நான் இவ்வுண்மையை விரிவுரை மண்டபத்திலே கற்றேனல்லேன். தீப்பெட்டியிலும் சிறியதான ஒரு மின்சுற்றுப் பலகையை முன்வைத்து, பற்றாசுக் கோலால் விரல்களைச் சுட்டுக்கொண்டு கற்றேன். கற்பித்தவர் என் அப்பப்பா.

திருகோணமலையில் எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. அப்பப்பா துறைமுகத்தை அண்டிய வேலைத்தளம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரும்புத் தகடுகளைத் தட்டி நிமிர்த்தியவர். காதுகளுக்குக் காப்பு வேண்டும் என்று அக்காலத்தில் அவருக்கு எவரும் சொல்லவில்லை. நாள் முழுதும் சம்மட்டி ஓசையில் வாழ்ந்த காதுகள், முதுமை வந்ததும் மெல்ல மெல்ல விடைபெறத் தொடங்கின. ஆயினும் வானொலியை அவர் விட்டாரில்லை. அதிலும் மரண அறிவித்தல் நேரம் அவருக்கு ஒரு வழிபாட்டு நேரம் போன்றது. சாய்மனைக் கதிரையை முன்னே இழுத்து, வலக் காதைப் பெட்டியின் பக்கமாகச் சாய்த்து, கண்களை மூடியிருப்பார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அவருடன் நெடுங்காலம் தோளோடு தோள் நின்று உழைத்த மூதூர் நண்பர் ஒருவர் காலமானார். அறிவித்தல் வானொலியில் வந்தது. அப்பப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பெயர் வேறொரு பெயராக அவர் காதில் விழுந்தது. நான்கு நாட்கள் கழித்துத் தெருவிலே கண்ட ஒருவர் சொல்லியே உண்மை தெரிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விறாந்தையில் இருந்துகொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “பேரைச் சொல்லியிருக்கிறாங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.”

அந்தச் சொற்களே என்னைப் பற்றாசுக் கோலை எடுக்கச் செய்தன.

இலங்கை வானொலியின் பிறப்பே இத்தகைய கைவேலையில்தான் தொடங்கியது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பியை ஆக்கினார் என்பர். 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. எங்கள் மாவட்டத்திலும் ஜேர்மன் வானொலியாகிய டொய்ச்ச வெல்லவின் அஞ்சல் நிலையம் 1984இல் தொடங்கி, 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. கண்டங்களைத் தாண்டி ஒலியை அனுப்பிய மண் இது. அதே மண்ணில், தட்டின் மேலிருக்கும் பெட்டியிலிருந்து மூன்றடி தொலைவிலுள்ள காதுக்கு ஒரு பெயர் போய்ச் சேரவில்லை!

கடைத்தெருவில் வானொலி திருத்தும் ஒருவரிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு சிறு பலகையை எடுத்து மேசையில் வைத்தார். பாடநூல்கள் விரியலாக்கி என்று கூறும் அப்பொருளைக் கடையில் ‘அம்பிளிபயர் போட்’ என்றே கேட்க வேண்டும். பி.ஏ.எம். 8403 என்னும் சில்லு அதன் உயிர். தொலைபேசிக்கு மின்னேற்றும் 5 வோற்று மின்னே அதற்குப் போதும்; இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் உச்ச அளவாக 3 வாற்று வலுவைத் தரும். விலை சில நூறு ரூபாவுக்குள் அடங்கிற்று. பழைய முறை விரியலாக்கிகள் தாம் பெறும் மின்னிற் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவன. இதுவோ ஒரு வினாடியில் இரண்டரை இலட்சம் தடவைக்கு மேல் மின்னைத் திறந்தும் மூடியும், திறந்திருக்கும் கால அளவை ஒலிக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வேலை செய்கின்றது. ஆகையால் அதிகம் சூடாவதில்லை.

அப்பப்பாவின் பழைய வால்வு வானொலி பல்லாண்டுகளாக ஊமையாய்க் கிடந்தது. அதன் உள்ளுறுப்புகளைத் திருத்துபவரே கழற்றித் தந்தார். அணைத்த பின்னும் அவற்றின் கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கக்கூடும் என்று எச்சரித்தார். வெறுமையான அந்த மரப்பெட்டியில் இரண்டு ஒலிபெருக்கிகளைப் பொருத்தினேன். சிறிய பண்பலை வானொலி ஒன்றின் காதுக்கருவித் துளையிலிருந்து பலகைக்குக் கம்பி கொடுத்தேன்.

முதற்பலகை ஒரு நிமிடமும் வாழவில்லை. இரண்டு ஒலிபெருக்கிகளின் எதிர்முனைகளையும் ஒன்றாக முறுக்கி, மின்வழங்கியின் எதிர்முனையோடு சேர்த்துவிட்டேன். பழைய கருவிகள் பலவற்றில் அது வழக்கமே. இப்பலகையிலோ ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளும் மின்னை மாறி மாறித் தள்ளுவன, எதுவும் பொதுமுனையன்று. புகை எழுந்த பின்னரே இந்த அறிவு வந்தது. இரண்டாம் பலகையை வாங்கி, ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் தனித்தனியே இரு கம்பிகள் கொடுத்தேன். பாட்டு வந்தது, கூடவே இரைச்சலும் வந்தது. விரைந்து திறந்து மூடும் மின், அருகிலிருந்த வானொலியைக் குழப்பியது. வானொலியைப் பெட்டிக்கு வெளியே தள்ளி வைத்து, ஒலிபெருக்கிக் கம்பிகளை நறுக்கி முறுக்கியதும் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிற்று.

வெற்றிக் களிப்போடு திருகியை முழுதாகத் திருப்பினேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர். அப்பப்பாவோ முகத்தைச் சுளித்துக்கொண்டு, “சத்தம் கேக்குது தம்பி, சொல்லுத்தான் விளங்கேல்ல” என்றார்.

என் முயற்சி முழுவதையும் அந்த ஒரு வாக்கியம் தீர்ப்பிட்டுவிட்டது. கேள்விக் குறைவு என்பது ஒலி குறைதல் மட்டுமே என்று நான் எண்ணியிருந்தேன். முதுமையும் பேரிரைச்சலும் உயர்ந்த மீடிறன் கொண்ட ஒலிகளையே முதலில் கவர்கின்றன; இரைச்சலாற் கெட்ட காதில் வினாடிக்கு 4000 அதிர்வுகளை அண்டிய பகுதியே பெரும்பாலும் முதலிற் பழுதுறும். இதனைப் படித்தபோது தொல்காப்பிய வகுப்பு நினைவுக்கு வந்தது. பேச்சின் வலிமை உயிரொலிகளில் இருக்கின்றது. அவை பெரும்பாலும் தாழ்ந்த மீடிறனின. பொருளை வேறுபடுத்துவனவோ பெரும்பாலும் மெய்கள். படம், தடம், கடம், சடம் என்னும் நான்கு சொற்களும் முதல் வல்லினத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. அவ்வல்லினம் கணப்பொழுதில் வெடித்து மறையும் மெல்லிய ஒலி. அப்பப்பாவின் காதில் உயிர் எஞ்சி நிற்க, மெய் உதிர்ந்துவிட்டது. நான் செய்ததெல்லாம் ஏற்கெனவே கேட்ட உயிரை இன்னும் உரக்க ஒலிக்கச் செய்து, எஞ்சிய மெய்யையும் அதற்குள் அமிழ்த்தியதே.

மீண்டும் திருத்துபவரிடம் சென்றேன். அவர் பலகைக்குள் நுழையும் ஒலிக்கம்பியில் மிகச் சிறிய கொள்ளளவி ஒன்றைத் தொடராக இணைக்கச் சொன்னார். சிறிய கொள்ளளவி தாழ்ந்த ஒலிகளுக்கு வழிவிட மறுக்கும், உயர்ந்தவற்றை விட்டுவிடும். மூன்று அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். எனக்கு அந்த ஒலி தகரத்திலே மணல் கொட்டினாற்போல் இருந்தது. அப்பப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். செய்தியின் ஒரு வரியைத் தாமே திருப்பிச் சொன்னார்.

இதனை மருத்துவம் என்று நான் மயங்கவில்லை. எல்லாச் சொற்களும் அவருக்கு இன்னும் விளங்குவதில்லை. காதுப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். கேட்கும் கருவி வேண்டும் என்றனர். அதன் விலைக்கு எங்கள் வீடு இன்னும் சேமித்துக்கொண்டிருக்கின்றது. ஆனால் அப்பலகை எனக்கு வேறொன்றையும் கற்பித்தது. அதுவரை நாங்கள் அனைவரும் அவரிடம் உரத்தே பேசினோம். உரத்த பேச்சில் கோபம் போன்ற ஒன்று தானாகவே கலந்துவிடும். இப்போது முன்னால் வந்து, முகம் பார்த்து, மெய்யெழுத்துகளைத் திருத்தமாக உச்சரித்துப் பேசுகின்றோம்.

சென்ற விடுமுறையில் ஒரு மாலை, பத்திரகாளி அம்மன் கோயில் மணியோசை ஓய்ந்த வேளை. மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. நான் அடுத்த அறையில் இருந்தேன். அப்பப்பா ஒரு பெயரையும் ஊரையும் உரக்கச் சொன்னார். நான் வந்து, கேட்டது சரியே என்று தலையசைத்தேன். அவருடன் சில காலம் வேலை செய்த ஒருவராம், நெருங்கிய நண்பரல்லர்.

“காலமை ஓட்டோ ஒண்டுக்குச் சொல்லிவை தம்பி” என்றார் அப்பப்பா. பின்னர் எழுந்து சென்று வெள்ளை வேட்டியை எடுத்துக் கதிரையின் மேல் மடித்து வைத்தார்.