கூரை வீட்டுக்கு ஒரு ராத்திரி வாடகை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்த விஷயம் இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அது ஒரு காரணம். இதை எழுதினா அப்பா படிப்பாரே, அது இன்னொரு காரணம். போன வாரம் அவரே போன்ல ஒரு வார்த்தை சொன்னார். சரி, இனி எழுதலாம்னு உட்கார்ந்துட்டேன்.

2023 ஜூன் மாசம். நான் அப்போ கிளாஸ்கோவில் ஆன்சைட். பொட்டி தட்டுற பொழப்பில் கிடைக்கிற ஒரே புண்ணியம், அப்பா அம்மாவை ஒரு தடவை ஃப்ளைட் ஏத்திக் கூட்டிட்டு வரலாம். படப்பையை விட்டு அப்பா அதிகபட்சம் போனது திருப்பதி. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். "உலகத்தையே சுத்தியாச்சுடா, தாம்பரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வந்தவங்களை எங்கே கூட்டிட்டுப் போறது? எடின்பரோ கோட்டை, லாக் லோமண்ட் ஏரி எல்லாம் ரெண்டு நாளில் முடிஞ்சுது. "ஏரி தானே, நம்ம ஊர்ல இல்லாத ஏரியா" என்று அப்பா தீர்ப்பு சொல்லிட்டார். அப்போதான் லூயிஸ் தீவு ஞாபகம் வந்துச்சு. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே அட்லாண்டிக்கில் கிடக்கிற தீவு. அங்கே கேரனின் என்று ஒரு கடலோரக் குக்கிராமம், பூரா கல் சுவர் கூரை வீடுகள். கடைசியாகக் குடியிருந்த வயசானவங்க 1974ல் காலி பண்ணிட்டுப் பக்கத்திலேயே புது வீடுகளுக்குப் போயிட்டாங்க. 1989ல் உள்ளூர்க்காரங்க ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சு, இடிஞ்சு கிடந்த வீடுகளை ஒவ்வொண்ணா எடுத்துக் கட்டி, சிலதை வாடகைக்கு விடறாங்க. செல்ஃப் கேட்டரிங். அதாவது வீடு அவங்களுது, பொங்கித் தின்னுக்கறது நம்ம பாடு.

கிளாஸ்கோவிலிருந்து உல்லாபூல் துறைமுகத்துக்கு கார்ல அஞ்சு மணி நேரம். அங்கே காரோடவே கப்பலில் ஏறி ரெண்டரை மணி நேரத்துக்கு மேல. ஸ்டோர்னவேயில் இறங்கி தீவின் மேற்குக் கரைக்கு இன்னும் முக்கால் மணி நேரம். நிறைய இடத்தில் ரோடு ஒத்தையடிதான், ஒரு கார் தான் போகும். எதிரே வண்டி வந்தா யாராவது ஒருத்தர் ஓரமா இருக்கிற ஒதுங்குமிடத்தில் நின்னு வழி விடணும். வழி விட்டவருக்குக் கை காட்டணும். "வண்டலூர் ரோட்ல இப்படி ஒருத்தன் நின்னா பின்னாடி வர லாரி அவனை ஏரிக்குள்ள தள்ளிடும்" என்றார் அப்பா. அவர் வாழ்ந்த ரோடு, அவருக்குத் தெரியாதா.

இறங்கினோம். அப்பா காரிலிருந்து ஒரு கால் வெளியே வச்சவர் அப்படியே நின்னுட்டார்.

"இன்னாடா இது, கூரை வூடு?"

"ஆமாம்ப்பா. ஹெரிடேஜ்."

"இதுக்கு எவ்ளோ குடுத்த?"

சொன்னேன். ரூபாய்ல மாத்தியும் தொலைச்சேன். அங்கேதான் தப்பு பண்ணேன். :-)

"ஒரு ராத்திரிக்கா? எங்கம்மா இந்த மாதிரி வூட்ல நாப்பது வருஷம் இருந்துச்சேடா, யாரும் அஞ்சு பைசா குடுக்கலியே!"

அம்மா சிரிச்சு, நானும் சிரிச்சேன். அப்பா சிரிக்கலை. அண்ணாந்து கூரையையே பார்த்துட்டு இருந்தார்.

வீட்டைப் பத்திச் சொல்லணும். ஆளுயரக் கல் சுவர், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாம அடுக்கினது, ரெண்டு வரிசைக் கல்லுக்கு நடுவில் மண்ணைப் போட்டு நிரப்பி. சுவர் மேலேயே ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு அகலம். மூலைகள் கூர்மையா இல்லாம வளைச்சுக் கட்டியிருக்காங்க, அட்லாண்டிக் காத்து வழுக்கிட்டுப் போகட்டும்னு. கூரை மேல வலை மாதிரி கயிறு போட்டு, கயித்து நுனியில் கல்லைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. காத்தடிச்சா கூரை பறக்காம இருக்க அந்தக் கல்தான். உள்ளே மட்டும் இந்தக் காலம்: அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெந்நீர் ஷவர் எல்லாம் உண்டு.

சனிக்கிழமை சாயந்திரம் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஸ்டோர்னவேயில் கடை இருந்தது, "நாளைக்கு வந்து வாங்கிக்கலாம்மா"ன்னு கெத்தா சொல்லி நிறுத்தாம ஓட்டிட்டேன். மறுநாள் ஞாயித்துக்கிழமை. லூயிஸ் தீவில் ஞாயிறு என்றால் ஞாயிறு. ஆண்டவர் நாள். கடைகள் கிட்டத்தட்ட எல்லாம் மூடி. ஞாயித்துக்கிழமை கப்பலே 2009 ஜூலையில்தான் விட ஆரம்பிச்சாங்க, அதுக்கே ஊரில் எதிர்ப்பு. (2024 நவம்பரிலிருந்து ஸ்டோர்னவே டெஸ்கோ ஞாயிறும் திறக்குது. நாங்க ஒண்ணரை வருஷம் முந்திப் போயிட்டோம்.) ப்ராஜெக்ட்ல எத்தனை ரிஸ்க் ஷீட் போட்டிருப்பேன், இதை யோசிக்கலை பாருங்க.

எங்களைக் காப்பாத்தினது அம்மாவின் பை. அரிசி ரெண்டு கிலோ, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், அப்பளம், மாவடு. "எதுக்கும்மா இதெல்லாம், கடை இருக்கும்"னு கிளாஸ்கோவில் நான் சண்டை போட்ட அதே பை. அப்பளம் பொரிச்ச புகைக்கு ஸ்மோக் அலாரம் அலறி, அம்மா பயந்து கரண்டியோட வெளியே ஓடினது தனிக் கதை. சோறு ஆச்சு. ஆனா பால் இல்லை. பால் இல்லைன்னா காபி இல்லை. காபி இல்லாத அப்பாவோட ஒரு நாள் பூரா ஒரே வீட்டில் இருக்கிறதுன்னா என்னன்னு எங்க தெருவில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த ஜெர்மன் தம்பதி அரை பாட்டில் பால் கொடுத்தாங்க. பதிலுக்கு அம்மா நாலு அப்பளம் கொடுத்தனுப்பினாங்க. எப்படிச் சாப்பிட்டாங்களோ தெரியாது, தட்டு காலியாத் திரும்பி வந்தது.

அன்னைக்கு ராத்திரிதான் விஷயம்.

ஜூன் மாசம் அங்கே பத்தரை மணிக்குத்தான் சூரியன் இறங்குது. அப்புறமும் முழுசா இருட்டாது, ஒரு மாதிரி சாம்பல் வெளிச்சம் விடிய விடிய இருக்கும். ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து பார்த்தா அப்பா படுக்கையில் இல்லை. வெளியே, வாசல் கல்லு மேல ஸ்வெட்டர் போட்டு, அம்மா சால்வையைத் தலையில் சுத்திட்டு உட்கார்ந்திருக்கார். முதல் நாள் ராத்திரியும் அவர் தூங்கலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

"குளிரலையா? உள்ள வாங்கப்பா."

"கூரைக்குக் கீழ எனக்குத் தூக்கம் வராதுடா."

விளையாடறார்னு நினைச்சேன். இல்லை.

1980, பங்குனி மாசம். அப்பாவுக்கு எஸ்.எஸ்.எல்.சி பரீட்சைக்கு ரெண்டு நாள் இருக்கு. மதியம் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து பொறி பறந்து ஓலையில் பிடிச்சிருக்கு. வரிசையா எட்டு வீடு, எல்லாம் பனை ஓலை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்ல. எரிஞ்சு முடிய அரை மணி நேரம் கூட ஆகலை. பாட்டி முதல்ல போய் அவுத்தது மாட்டை. அண்டா, குண்டான், துணி, எதையும் எடுக்கலை. பசு வெளியே வந்துச்சு. கன்னுக்குட்டி வேற பக்கம் கட்டியிருந்தது. அப்பா அதை அவுக்க உள்ளே ஓடியிருக்கார், பாட்டி முடியைப் பிடிச்சு இழுத்து வெளியே தள்ளியிருக்காங்க.

"அது கத்துன சத்தம் கேட்டுச்சுடா" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துட்டு இருந்தார். நானும் ஒண்ணும் கேட்கலை.

புஸ்தகம், ஹால் டிக்கெட் எல்லாம் சாம்பல். ஹெட்மாஸ்டர் கடிதம் கொடுத்து, யாரோ கொடுத்த சட்டையில் போய்ப் பரீட்சை எழுதியிருக்கார். பாஸும் பண்ணியிருக்கார். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அவர் மகனா இருக்கேன், இந்தக் கதையை ஒரு தடவை கூட அவர் சொன்னதில்லை. வேலைக்குப் போனதும் முதல் லோன்ல தளம் போட்ட வீடு கட்டினார்னு தெரியும். எங்க வீட்டில் கிச்சன் மட்டும் ஏன் தனியா, தோட்டத்துப் பக்கம் நாலடி தள்ளி இருக்குன்னு நான் கேட்டதே இல்லை.

2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளி தீ விபத்து. 94 குழந்தைங்க. எனக்கு அப்போ ஏழு வயசு. எங்க ஸ்கூல்ல கீத்துக் கொட்டகையில்தான் ரெண்டாங்கிளாஸ். மறுநாளே அப்பா டூட்டிக்குப் போகாம ஸ்கூலுக்கு வந்து, அந்தக் கொட்டகையைப் பிரிக்கிற வரை பையனை அனுப்ப மாட்டேன்னு சண்டை போட்டது ஞாபகம் இருக்கு. "உங்கப்பா ரொம்ப ஓவர்"னு பசங்க கிண்டல் பண்ணாங்க. எனக்கும் அவமானமாத்தான் இருந்துச்சு.

இப்போ நான் ஒரு உண்மையைச் சொல்லணும். அந்தப் பயணத்துக்கு எனக்கு உள்நோக்கம் ஒண்ணு இருந்தது. பாட்டி கடைசி வரை இருந்த பழைய மனை படப்பையில் இன்னும் இருக்கு. பாட்டி 2019ல் போனதுக்கப்புறம் சுவர் மட்டும்தான் நிக்குது. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்ததிலிருந்து எங்க ஊர் மனைக்கு வந்த கிராக்கி சொல்லவே வேணாம். ஒரு புரமோட்டர் விடாம கேட்டுட்டிருக்கார். அப்பா கொடுத்துடலாம்னு சொல்றார். நான் வேற கணக்கு வச்சிருந்தேன்: அதே இடத்தில் பாட்டி காலத்து மாதிரி ஒரு ஓலைக் கூரை வீடு கட்டி, சென்னையிலிருந்து வர ஐ.டி. மக்களுக்கு வார இறுதி வாடகைக்கு விடலாம்னு. எக்செல் ஷீட் எல்லாம் ரெடி. கேரனினைக் காட்டி அப்பாவை மடக்கிடலாம்னுதான் கூட்டிட்டுப் போனேன்.

அந்த ராத்திரி எக்செல் ஷீட்டைப் பத்தி வாயே திறக்கலை.

திங்கட்கிழமை அங்கேயே இருக்கிற மியூசியம் வீட்டுக்குப் போனோம். 1950கள்ல இருந்த மாதிரி வச்சிருக்காங்க. கரி நிலத்திலிருந்து வெட்டிக் காய வச்ச பீட் கட்டிதான் இந்த ஊர் விறகு. வரட்டி மாதிரி அடுக்கியிருக்கும், வரட்டி மாதிரியே கமறும், சுவாலை அதிகம் வராது. அந்தக் காலத்தில் புகைபோக்கி கிடையாது, நெருப்பு வீட்டின் நடுத்தரையில். ஒரே கூரைக்குக் கீழ ஒரு கோடியில் மாடு, மறு கோடியில் மனுஷங்க. புகை குடிச்சுக் கறுத்த பழைய கூரையைப் பிரிச்சு வயலுக்கு எருவாப் போடுவாங்களாம். அங்கிருந்த அம்மா இதைச் சொன்னப்போ அப்பா தலையை ஆட்டி, "சேம், சேம். மை மதர் ஆல்சோ" என்றார். அந்தம்மாவுக்கு என்ன புரிஞ்சதோ, அப்பா கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. அப்புறம் அப்பா அவரோட கண்டக்டர் இங்கிலீஷ்ல ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஃபயர் கமிங்? ரூஃப் ஃபயர்?" எப்பவும் மழை, கூரைக்கு அடியில் புல்லோட வெட்டின மண் கட்டி, எல்லாம் ஈரம், ஆனாலும் பயம் இருக்கத்தான் செய்யும்னு அவங்க சொன்னாங்க. அதை நான் மொழிபெயர்த்தேன். அப்பா அடுத்த கேள்வி கேட்கலை.

அம்மாவுக்கு அங்கே வேற உலகம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பொண்ணு, தாத்தா பட்டுத் தறி. மியூசியத்தில் ஒரு தறி ஓடிட்டிருந்தது, ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணி. இந்தத் தீவுகளில் நெய்யறவங்க வீட்டில், கையால நெய்தால்தான் அந்தப் பேரை வைக்கலாம்னு 1993ல் பார்லிமெண்டில் சட்டமே போட்டிருக்காங்க. கால் மிதிக்க நாடா தானா ஓடுது. "எங்கப்பா குழிக்குள்ள காலை வுட்டு உக்காந்து நெய்வாரு, இது மேல உக்காந்துன்னு கீறாங்க" என்று அம்மா ஒரு மணி நேரம் அசையலை. இழை அறுந்தப்போ அவங்களை முந்தி அம்மா கண்ணு கண்டுபிடிச்சுது.

இன்னொரு விஷயம், சொல்லாம விட மனசில்லை. ஸ்டோர்னவேயில் பிறந்தவர்தான் காலின் மெக்கன்சி. 1783ல் மெட்ராஸ் வந்து, 1815ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். ஊர் ஊரா ஆளனுப்பிக் கோயில் கதை, ஊர்க் கதை, கல்வெட்டு எல்லாம் எழுதி வாங்கினார். அந்தச் சுவடிகளில் பெரும்பகுதி இன்னைக்கும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கு. நம்ம ஊர்க் கதையை இந்தத் தீவுக்காரர் தேடி எழுதி வச்சார். எங்க அப்பா கதையை அப்பாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க நான் அந்தத் தீவு வரைக்கும் போக வேண்டியிருந்தது. சரி, விடுங்க.

திரும்பும்போது கப்பலில் எக்செல் ஷீட் மேட்டரை நானே சொல்லிட்டேன். திட்டுவார்னு எதிர்பார்த்தேன். "இங்க வூடு யாருதுடா, வாடகை யாருக்குப் போவுது?" என்று மட்டும் கேட்டார். ஊர் அறக்கட்டளைக்குன்னு சொன்னேன். இப்படி எல்லா வீட்டையும் டூரிஸ்டுக்கு விட்டா உள்ளூர்ப் பசங்க எங்கே குடியிருப்பாங்கன்னு அங்கே பெரிய பஞ்சாயத்து ஓடுது, 2022லிருந்து இந்த மாதிரி வாடகைக்கு லைசன்ஸ் வேணும்னு ஸ்காட்லாந்து முழுக்கச் சட்டம் வந்திருக்குன்னும் சொன்னேன். "நம்ம ஊர்லயும் இப்ப யார் இருக்கா" என்று முணுமுணுத்துட்டு டெக்குக்குப் போயிட்டார்.

ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. மனையை விக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. போன வாரம் போன்ல, கரண்ட் பில், பெரியம்மா முட்டி வலி, எனக்குப் பொண்ணு பார்க்கிற கதை எல்லாம் முடிஞ்சப்புறம், போனை வைக்கப் போற நேரத்தில் சொன்னார்:

"மணிமங்கலத்தாண்ட ஒருத்தன் பழைய வூட்டைப் பிரிக்கிறான்டா. நாட்டு ஓடு, நல்லா கீது. விலை கேட்டு வச்சிருக்கேன்."

"எதுக்குப்பா?"

"சொம்மாதான். ஓலையெல்லாம் வேணாம், சொல்லிட்டேன். அடுப்பு வெளிய."

புரமோட்டர் என்ன சொன்னார்னு கேட்டேன்.

"பையன் வரட்டும்னு சொல்லிக்கீறேன்" என்று சொல்லிட்டு போனை அம்மாகிட்ட கொடுத்துட்டார்.