இலுப்பூர் டு ஏர்போர்ட்... அண்ணாந்து பார்!

சினிமா பார்க்க தியேட்டர் இருக்கு. கிரிக்கெட் பார்க்க கேலரி இருக்கு. பிளேன் பார்க்க? 'அதையெல்லாமா மெனக்கெட்டுப் போய்ப் பார்ப்பாங்க?'னு கேட்டீங்கன்னா, நீங்க கண்டிப்பா புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் கிடையாது!

எங்க இலுப்பூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு சிங்கப்பூர் அண்ணன், மலேசியா மாமா, துபாய் சித்தப்பானு யாராவது ஒருத்தர் இருப்பார். திருச்சியிலிருந்து கிளம்புற ஒவ்வொரு பிளேன்லயும் நம்ம ஊர் ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்ங்கிற நினைப்புலயே வளர்ந்தவங்க நாங்க. அதனால பிளேன் சத்தம் கேட்டா அண்ணாந்து பார்க்கிறது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, பழக்கம்!

இலுப்பூரில் பஸ் ஏறி, விராலிமலை வழியா திருச்சி வந்து, அங்கேயிருந்து இன்னொரு பஸ் பிடிச்சா ஏர்போர்ட். ஆனா 'ஏர்போர்ட் போனா பிளேன் பார்க்கலாம்'ங்கிறது, 'காலேஜ் போனா பாஸாகிடலாம்'ங்கிற மாதிரி. போனா மட்டும் போதாது பாஸ்! 2024 ஜூன் மாசம் பயன்பாட்டுக்கு வந்த புது டெர்மினல் சும்மா ஜொலிக்குது. ஆனா டிக்கெட் இல்லாம உள்ளே போக முடியாது. வாசல்ல நின்னு பார்த்தா தெரியறது கட்டடமும் கார் பார்க்கிங்கும்தான். அப்ப எங்கேதான் நிக்கறது? சில மாசமா சனி, ஞாயிறுகளில் ஏர்போர்ட்டைச் சுத்திச் சுத்தி வந்ததில் கிடைச்ச ஞானத்தை, ஃபீஸ் வாங்காம சொல்லித் தர்றேன். கேட்டுக்கங்க.

காத்து எந்தப் பக்கம்?

பிளேன் எப்பவும் எதிர்க்காத்துல ஏறும், எதிர்க்காத்துல இறங்கும். பட்டம் விட்ட எல்லாருக்கும் இது புரியும். எதிர்க்காத்து இருந்தா இறக்கைக்குத் தூக்குவிசை சீக்கிரம் கிடைக்கும், ஓட வேண்டிய தூரமும் குறையும். திருச்சியோட ஓடுபாதை கிழக்கு மேற்கா கிடக்கு. நீளம் 8,136 அடி. ஒரு முனைக்குப் பேரு 09, இன்னொண்ணுக்கு 27. அதாவது திசைகாட்டியில 90 டிகிரி, 270 டிகிரி. கடைசி சைபரை வெட்டிட்டாங்க, அவ்வளவுதான்.

இப்ப காலண்டரைப் பாருங்க. ஆனி, ஆடி மாசங்களில் மேல்காத்து பிச்சு உதறும். அப்ப பிளேன் கிழக்கே இருந்து இறங்கி, மேற்கு நோக்கி ஏறும். புதுக்கோட்டை ரோடு போறது மேற்கு முனைப் பக்கம். அதனால ஆடியில அந்த ரோட்டுக்கு மேல பார்க்கிறது பெரும்பாலும் 'டேக் ஆஃப்'. மார்கழி, தைப் பக்கம் வாடைக்காத்து வந்துட்டா கதை தலைகீழ். அப்ப அதே ரோட்டுக்கு மேல தாழ இறங்கி வரும். காத்து லேசா இருக்கிற நாட்களில் எந்தப் பக்கம்கிறதை கன்ட்ரோல் டவர்தான் முடிவு பண்ணும். வழியில ஒரு கொடி பறந்தா, அது எந்தப் பக்கம் பறக்குதுனு பார்த்துட்டு அப்புறம் இடம் தேடுங்க.

சூரியன் எந்தப் பக்கம்?

போட்டோ எடுக்கிறவங்களுக்குக் காத்தைவிட முக்கியம் வெயில். சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். இல்லைன்னா பிளேன் கறுப்பு நிழலாத்தான் விழும், கம்பெனி பேரைக்கூடப் படிக்க முடியாது. காலையில கிழக்குப் பக்கம் நின்னு மேற்கே பாருங்க. சாயங்காலம் மேற்குப் பக்கம் நின்னு கிழக்கே பாருங்க.

நடுப்பகல்ல? இங்கேதான் ஒரு ட்விஸ்ட். திருச்சி இருக்கிறது வடக்கே சுமார் 10.8 டிகிரி அட்சரேகையில. ஏப்ரல் மூணாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போயிடும். மத்த மாசமெல்லாம் தெற்கே. அதனால வருஷத்துல பெரும்பகுதிக்கு ஓடுபாதைக் கோட்டுக்குத் தெற்குப் பக்கம் நிக்கிறதுதான் லாபம். ஆனா உண்மையைச் சொன்னா, பகல் 11 மணிக்கு மேல கேமராவைப் பையில வச்சுட்டு மோர் குடிக்கப் போயிடலாம். சூடான தார்த்தரையிலிருந்து கிளம்புற கானல், எவ்வளவு விலை லென்ஸ் வச்சிருந்தாலும் பிளேனைத் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி நெளிச்சுடும்!

எவ்வளவு தூரத்துல?

பிளஸ் டூ டிரிக்னாமெட்ரி எதுக்குன்னு புலம்பினோமே... இதுக்குத்தான்! இறங்குற பிளேன் வழக்கமா 3 டிகிரி சரிவுல வரும். டேன் 3 டிகிரி சுமார் 0.052. அப்படின்னா தரை தொடுற இடத்திலிருந்து 1 கி.மீ. தூரத்துல அதோட உயரம் சுமார் 52 மீட்டர். ஒன்றரை கி.மீ. தூரத்துல சுமார் 80 மீட்டர். அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டுல 200 மீட்டர் தள்ளி நின்னா, 22 டிகிரி அண்ணாந்து பார்த்தாப் போதும். வயிறு மட்டும் தெரியாம, மூக்கு, இறக்கை, வால் எல்லாம் அழகா ஃபிரேமுக்குள்ள வரும். நேர் கீழே நின்னா சத்தம் பிரமாதமா இருக்கும், போட்டோ சுமாராத்தான் வரும். மணிக்கு சுமார் 260 கி.மீ. வேகத்துல வரும்கிறதால கையும் கூடவே திரும்பணும்.

ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000 வச்சுக்கலாம். காத்தாடி வச்ச ஏ.டி.ஆருக்கு அதே ஸ்பீடு வச்சா இறக்கை சுத்தாம உறைஞ்சு நிக்கிற மாதிரி விழும். 1/250 பக்கம் இறக்குங்க, அப்பத்தான் சுத்துறது தெரியும்.

அதுக்காக ஓடுபாதை முடியற இடத்துல சுவரை ஒட்டிப் போய் நிக்காதீங்க. 2018 அக்டோபர் 12 அதிகாலையில, 136 பேரோட துபாய்க்குக் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, திருச்சியில ஏறும்போது ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடிச்சுட்டுப் போச்சு. நல்லவேளை, மும்பையில பத்திரமா இறங்கிடுச்சு. ரோட்டோரத்துல பைக்கை நிறுத்திட்டு வானத்தைப் பார்க்கிறதும் வேண்டாம். அது நேஷனல் ஹைவே. நாம மேலே பார்க்கிறப்ப லாரிக்காரர் நேரா பார்த்துட்டு வருவார்னு எந்த கேரண்டியும் கிடையாது.

கொஞ்சம் சட்டமும் தெரிஞ்சுக்கணும்!

அரசு விமான நிலையத்துல எழுத்துபூர்வமான அனுமதி இல்லாம போட்டோ எடுக்கக் கூடாதுங்கிறது, 1937-ம் வருஷ விமான விதிகளில் 13-வது விதி. ஆக, கேமராவைத் திறக்கிறது வளாகத்துக்கு வெளியே, அதுவும் வானத்துல இருக்கிற பிளேனை மட்டும். செக்யூரிட்டி கேட், ராடார், கன்ட்ரோல் டவர் பக்கம் லென்ஸ் திரும்பவே வேண்டாம். காவலர் யாராவது வந்து கேட்டா காலேஜ் ஐ.டி. கார்டைக் காட்டிப் பதில் சொல்லுங்க. 'கிளம்பு தம்பி'ன்னா கிளம்பிடுங்க. டிரோன்? மூச்! தஞ்சாவூர் மாதிரி விமானப்படைத் தளம்னா அந்தப் பக்கம் கேமராவே எடுத்துட்டுப் போகாதீங்க.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2001 நவம்பர்ல கிரீஸ் நாட்டு கலமாட்டா விமானத் தளத்துல 12 பிரிட்டிஷ்காரங்களையும் 2 டச்சுக்காரங்களையும் உளவாளிங்கனு பிடிச்சு உள்ளே வச்சாங்க. அவங்க செஞ்சது விமான நம்பரைக் குறிச்சுக்கிட்டது! கீழ்க்கோர்ட்டில் தண்டனையாகி, அடுத்த வருஷக் கடைசியிலதான் அப்பீல்ல விடுதலை. 2010-ல் டெல்லி ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டல்ல ரூம் போட்டு பிளேன் பார்த்த ரெண்டு பிரிட்டிஷ்காரங்க ஊர் திரும்ப ரெண்டு மாசம் ஆச்சு. ஹாபிக்காக கம்பி எண்ண வேணாமே!

வம்பே வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு, உச்சிப்பிள்ளையார் இருக்கார். மலைக்கோட்டை உச்சியில நின்னு தெற்கே பார்த்தா, ஏர்போர்ட் பக்கம் ஏறி இறங்குற பிளேனெல்லாம் எறும்பு சைஸ்ல தெரியும். போட்டோவுக்கு ஆகாது, கண்ணுக்கு விருந்து. ஓசியில காவிரிக் காத்து வேற!

'இதுதானா தம்பி அது?'

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு டீக்கடை. நான் பெஞ்சுல உட்கார்ந்து லென்ஸ் துடைச்சுட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா. கையில மஞ்சப்பை. மகனை உள்ளே அனுப்பிட்டு, பிளேன் கிளம்புறதைப் பார்த்துட்டுப் போகலாம்னு நிக்கறாங்க. விராலிமலைப் பக்கத்துக்காரங்க. மகனுக்கு முதல் பயணம், சார்ஜா.

ஒரு பிளேன் ஏறிச்சு. கையை ஆட்டினாங்க. "இதுதானா தம்பி அது?"

"இல்லம்மா, இது காத்தாடி வச்சது. உள்ளூர் பிளேன். அவ்வளவு தூரமெல்லாம் போகாது."

அடுத்தது ஏறிச்சு. மறுபடியும் கை தூக்கினாங்க. "இது?"

"இல்லம்மா. இது ஏர்பஸ், வால் நீலமா இருக்கு பாருங்க."

"எப்படிப்பா இங்கேருந்தே சொல்ற?"

சொன்னேன். போயிங் 737-க்கு வால் தொடங்குற இடத்துல ஒரு முக்கோணத் திருப்பு இருக்கும். என்ஜின் அடிப்பக்கம் தட்டையா இருக்கும். பின்சக்கரத்தை மடக்கின பிறகும் மூடி இருக்காது, வயித்துல ரெண்டு கறுப்பு வட்டம் தெரியும். ஏர்பஸ்ல அப்படி இல்லை, மூடிடும். அவங்க ஒரு பாடத்தைக் கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் அரைமணி நேரம் கழிச்சு மூணாவது பிளேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்களே சொன்னாங்க: "ரெண்டு கறுப்பு வட்டம்!"

அது சத்தமா எங்களைத் தாண்டி மேற்கே போய், திரும்பி, சின்னதாகி மறையிற வரைக்கும் கையை இறக்கலை. எடுத்த படத்தைக் காட்டினேன். ஜன்னல் வரிசையை விரலால தொட்டுப் பார்த்தாங்க. "அவன் போன்ல இதை அனுப்பி விடுறியா தம்பி? இறங்கினதும் பார்ப்பான்."

அனுப்பினேன். என் போட்டோவுக்கு இதுவரைக்கும் விழுந்த லைக் எல்லாத்தையும் கூட்டினாலும் அதுக்கு ஈடில்லை.

மொட்டைமாடியும் ஒரு இடம்தான்!

2024 அக்டோபர் 11 சாயங்காலம், ஏறக்குறைய 140 பேரோட சார்ஜாவுக்குக் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-ல ஹைட்ராலிக் கோளாறு. ரெண்டு மணி நேரத்துக்கும் மேல திருச்சி, புதுக்கோட்டை வானத்துல வட்டம் போட்டுச்சு. எங்க பக்கமெல்லாம் ஜனங்க மொட்டைமாடியில ஏறி நின்னாங்க. ஒரு கையில செல்போன், இன்னொரு கை நெஞ்சுல. ஏன் சுத்துது? 737-ல எரிபொருளை வானத்துலயே கொட்டுற வசதி கிடையாது. எரிச்சுத்தான் எடையைக் குறைக்கணும். எடை குறைஞ்சாத்தான் பத்திரமா இறங்கலாம். இது தெரிஞ்சவங்க அந்த ஒவ்வொரு வட்டத்தையும் பைலட்டோட பொறுமையாப் பார்த்தாங்க, தெரியாதவங்க பதறினாங்க. ராத்திரி எட்டேகால் மணி வாக்குல பத்திரமா தரை தொட்டப்ப, ஊரே மூச்சு விட்டுச்சு.

அதனாலதான் சொல்றேன், பிளேன் பார்க்கிறது வெட்டி வேலை இல்லை. டோக்கியோ ஹனேடா ஏர்போர்ட்டுல பார்வையாளர் மாடமே கட்டி வச்சிருக்காங்க. சிங்கப்பூர்ல சாங்கி கடற்கரைப் பூங்காவுல பாயை விரிச்சு உட்கார்ந்து பிளேன் இறங்குறதைப் பார்க்கலாம், அதுல நம்ம ஊர் அண்ணன்களும் உண்டு. திருச்சியிலும் வேலிக்கு வெளியே ஒரு மேடை, நிழலுக்கு ஒரு கூரை, 'இப்போது கிளம்புவது சார்ஜா விமானம்'னு சொல்ல ஒரு போர்டு போட்டா, போட்டோ எடுக்கிறவனுக்கும் பயமில்லை, மஞ்சப்பை அம்மாவுக்கும் சந்தேகமில்லை.

அது வர்ற வரைக்கும், காசு குறைஞ்ச, சட்டப் பிரச்னை இல்லாத, ஏ-ஒன் ஸ்பாட் ஒண்ணு இருக்கு. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி வர்ற பஸ்ல டிரைவர் பக்க ஜன்னல் சீட்! கர்ச்சீஃப் போட்டு இடம் பிடிச்சுடுங்க.