எங்கள் வீட்டுக் கனகசபை

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் காவிரிக்கரை ஊர்களில் பெண்கள் பாடு திண்டாட்டம்தான். விறகு நனைந்து அடுப்புப் புகையும்; குழந்தைகள் துணி காயாது; போதாக்குறைக்கு மின்சாரமும் போய்விடும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு மழைக்காலத்தில், ராத்திரி வேளையில் பிள்ளைகளைச் சமாளிக்க ஒரு பழைய நாவலை எடுத்து அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். என் அம்மா கொடுத்த டிரங்குப் பெட்டியின் அடியில் அட்டை போய்க் கிடந்த புத்தகம் அது. 'பிரதாப முதலியார் சரித்திரம்'.

தமிழின் முதல் நாவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வெளிவந்தது 1879-இல். எழுதிய வேதநாயகம் பிள்ளை மேல் எங்களுக்குக் கொஞ்சம் உரிமை அதிகம். அவர் முன்சீப்பாக இருந்தது எங்கள் மாயவரத்தில் அல்லவா! (மயிலாடுதுறை என்று 1982-இல் பெயர் மாற்றியாகிவிட்டது, என் வாயில் இன்னும் மாயவரம்தான் வருகிறது.) 1876 முதல் 1878 வரை வாட்டிய பஞ்சத்தில் தன் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சி ஊற்றியவர். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். பெண்கள் படிக்க வேண்டும் என்று, நாவலுக்கு முன்பே 'பெண்மதி மாலை' எழுதியவரும் அவரே.

இந்த நாவலைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் ஞானாம்பாளைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். காணாமற்போன கணவனைத் தேடி ஆண் வேஷத்தில் புறப்பட்டு, விக்கிரமபுரியில் யானை மாலை போட, ராஜாவாக உட்கார்ந்து நீதி வழங்குகிற பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த இடம் இல்லை. கதையின் தொடக்கத்திலேயே வரும் ஒரு சின்ன விஷயம்.

பிரதாபன் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை. அவனுக்குப் பாடம் சொல்ல உபாத்தியாயர் வீட்டுக்கே வருகிறார். ஆனால் செல்லப்பிள்ளையை அடிக்கலாமா? கூடாது. அதனால் அவன் செய்கிற தப்புக்கெல்லாம் கூடப் படிக்கிற உபாத்தியாயர் மகன் கனகசபைக்கு அடி! பெரியவனான பிறகு பிரதாபனே தன் அழகைச் சொல்லிச் சிரிக்கிற மாதிரி எழுதியிருப்பார் ஆசிரியர். நானும் குரலை மாற்றி மாற்றி வாசித்தேன். எட்டு வயது மகன் உருண்டு உருண்டு சிரித்தான். திண்ணைப் பக்கம் படுத்திருந்த மாமியாருக்கும் சிரிப்பு.

பன்னிரண்டு வயது மகள் மட்டும் சிரிக்கவில்லை. விளக்குத் திரியைப் பார்த்தபடியே, "நம்ம வீட்டுக் கனகசபை நான்தானேம்மா?" என்றாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். வேறு என்ன செய்ய?

அதற்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தது. கிடைத்த வெயிலை விடலாமா என்று குறுவை நெல்லில் இரண்டு மூட்டையை அவித்து வாசல் தளத்தில் காயப்போட்டிருந்தேன். ஆடு, கோழி வராமல் பார்த்துக்கொள், மேகம் கறுத்தால் குரல் கொடு என்று மகனிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அவன் பம்பரத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டான். மகள் உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பத்தே நிமிஷத்தில் கொட்டித் தீர்த்தது மழை. அள்ளிக்கொண்டுவந்து கூடத்தில் போட்டும் பயனில்லை. ஊறி நாற்றம் எடுத்து, அந்த மாதம் நெல் விளைகிற வீட்டில் கடை அரிசி வாங்கினோம்.

அந்த ஆத்திரத்தில் நான் யார் முதுகில் இரண்டு வைத்தேன் தெரியுமா? புத்தகமும் கையுமாக ஓடிவந்து நெல்லை அள்ளிய பெண்ணின் முதுகில்! "அவன் சின்னப் பிள்ளைடி, பெரியவள் நீ பார்த்திருக்க வேண்டாமா?" அவள் பதில் பேசவில்லை. தம்பியோ நனைந்துவிட்டானே என்று என் புடவைத் தலைப்பாலேயே அவன் தலையைத் துவட்டினேன்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். சிந்திய பால், உடைந்த ஜாடி, தொலைந்த குடை. எண்ண எண்ண வயிற்றைக் கலக்கியது. கதையில் கனகசபையை அடிக்கச் சொன்னது பணம். என் வீட்டில்? நானும் ஒரு வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்து, தம்பிகளுக்காக வாங்கிக் கட்டிக்கொண்டவள்தானே!

ஒரே நாளில் நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய். 'பெரியவள்' என்ற சொல் வாயில் வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஒன்று செய்தேன். அவனவன் கொட்டியதை அவனவனே துடைக்க வேண்டும் என்று வைத்தேன். முதல் தடவை மகன் மண்ணெண்ணெயைக் கொட்டினான். கையில் பழந்துணியைக் கொடுத்ததும் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"இந்தாம்மா, ஆம்பளைப் பிள்ளையைத் தரை துடைக்கச் சொல்றியே, இது அடுக்குமா?"

"அப்ப கனகசபையைக் கூப்பிடட்டுமா அத்தை?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். மகன் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தான், பிசுக்குப் போகவில்லை. மறுபடி துடைத்தான். கதையிலும் பிரதாபன், உறவுக்காரப் பெண் ஞானாம்பாளோடு சேர்ந்து படிக்கும்போதுதானே ஒழுங்குக்கு வருகிறான்! அக்காவோடு உட்கார்ந்து இவனும் பாடம் படிக்க ஆரம்பித்தான். கணக்கில் அவள் கெட்டி.

மகளிடம் "என் மேல்தான் தப்பு" என்று சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. எங்கள் காலத்து அம்மாக்களுக்கு அது வாயில் வராது. வெள்ளிக்கிழமை இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கி அவள் தலையில் வைத்தேன், அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு இருவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் மகனிடம் கேட்டேன், "அன்னிக்கு நெல் நனைஞ்சுதே, ஞாபகம் இருக்காப்பா?"

"எந்த நெல்லும்மா?" என்றான்.

கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமலே சொன்னாள். "ரெண்டு மூட்டை."