வாயிற்காவலனும் வரைபடமும்

எண்களை நிரல்பட எழுதிவைத்தால் வாசிப்பவர் சிலர். அவற்றையே கோடாகவும் புள்ளியாகவும் வரைந்து காட்டினால் கண்டவுடன் உணர்வோர் பலர். 1786ஆம் ஆண்டில் வில்லியம் பிளேபெயர் என்பார் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோட்டுப்படங்களாக்கி நூலாக வெளியிட்ட காலந்தொட்டு இவ்வுண்மை அறியப்பட்டதே. 1854இல் இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் ஜோன் சினோ பல வீடுகளுக்குத் தாமே சென்று விசாரித்து, இறந்தோரின் இருப்பிடங்கள் புரோட் வீதித் தண்ணீர்ப் பம்பியொன்றைச் சூழ்ந்திருந்தமையை எடுத்துக்காட்டினார். பின்னர் அவற்றைப் படத்திற் குறித்தும் வெளியிட்டார்.

இன்று படம் வரைவோர் வீடு வீடாகச் செல்வதில்லை. மென்பொருளே இணையத்தின்வழிச் சென்று எண்களைக் கொணர்கின்றது. அது செல்லும் வழியிலே ஒரு காவலன் நிற்கின்றான். அவனை அறியாதார் வரையும் படம் எத்துணை அழகுடையதாயினும் நம்பத்தக்கதன்று. கணினி வலையமைப்புகளோடு உழலுந் தொழிலுடையேன் ஆதலின், அக்காவலனைப் பற்றிச் சிறிது கூறலாமென எண்ணுகின்றேன்.

எம் கல்லூரி விடுதியில் வாழ்ந்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. விடுதி மாணவர் நினைத்த வேளையில் வாயிலைத் தாண்டலாகாது. சவர்க்காரமோ கொப்பியோ வேண்டுமாயின் காவற்காரரிடம் காசையும் சீட்டையும் கொடுப்போம். அவர் கடைக்குச் சென்று வாங்கி வருவார். கடைக்காரர் அறிந்த முகம் அவருடையதே, எம்முடையதன்று. எவர் எதனை வேண்டினார் என்பது அவர் குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். ஆகாத பொருளெனின் வாயிலிலேயே மறுத்துவிடுவார். பலரும் கேட்கும் பொருள்களிற் சிலவற்றைத் தம்மிடமே வைத்திருந்து கொடுத்தலும் உண்டு.

கணினித் துறையார் புறொக்சி என வழங்கும் பதிலிச் சேவையகம் செய்வதும் இதுவே. உலகளாவிய வலை பிறந்த சேர்ண் ஆய்வுகூடத்திலே உருவான சேவையக மென்பொருள் தொடக்க நாள்களிலேயே இப்பணியைச் செய்தது. 1994இல் ஜெனீவா நகரில் நடந்த முதலாவது வலை மாநாட்டிலே இதுபற்றிய ஆய்வுரையொன்று படிக்கப்பட்டது. அலுவலகக் கணினிகள் நேரே வெளியுலகை அணுகாவண்ணம் தீச்சுவர் எழுப்பி, ஒரே வாயிலிற் காவலனை நிறுத்துதல் அன்று தொடங்கி இன்றும் நிலைபெற்றுள்ள வழக்கமாகும்.

நிற்க. இக்காவலனால் நேர்ந்த இடரொன்றை யான் நேரிற் கண்டதுண்டு. 2017ஆம் ஆண்டில் இலங்கையிலே டெங்குக் காய்ச்சலெனப் பதியப்பட்டோர் தொகை 180,000ஐக் கடந்தது. அதன்பின் வாராந்தத் தொகைகளைப் படமாக்கிப் பார்க்கும் வழக்கம் பலவிடத்தும் வேரூன்றியது. அவ்வாறு பார்த்துவந்த ஓர் அலுவலகத்திற்கு ஒருநாள் என்னை அழைத்தனர். அதன் பெயர் ஈண்டு வேண்டா. அங்கே டாப்லோ என்னும் மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆராய்ச்சியொன்றிலிருந்து 2003இல் நிறுவனமாக வளர்ந்தது அது. இரவுதோறும் வெளியேயுள்ள களஞ்சியத்திலிருந்து எண்களைப் பெற்று, காலையிற் கூட்ட மண்டபத்திலே கோட்டுப்படமாகக் காட்டுவது அதன் கடமை. எந்தப் பகுதிக்குப் புகையடிக்கும் குழுவை அனுப்புவது, எங்கே கட்டில்களை ஒதுக்குவது என்பனவெல்லாம் அப்படத்தைப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டன.

கூட்டத்திலிருந்த முதிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் தம் குறிப்பேட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “ஐயா, கோடு இறங்குவதாகக் காட்டுகிறீர்கள். என் பிரிவில் மட்டும் இந்த வாரம் இதற்கு இருமடங்கு உண்டு” என்றார். கணினிப் பிரிவு இளைஞரோ, “இல்லை ஐயா, என்னுடைய கணினியில் எல்லாம் சரியாகத்தானே வேலை செய்கிறது” என்றார். இருவர் கூற்றும் மெய்யே. அதுவே இச்சிக்கலின் நுட்பம்.

நடந்தது இதுவாகும். பாதுகாப்புக் கருதி அவ்வலுவலகத்தில் அண்மையிலே பதிலியொன்றை நிறுவி, ஊழியர் ஒவ்வொருவரின் கணக்கிலும் அதன் முகவரியையும் துறை எண்ணையும் பதித்திருந்தனர். ஆயின் விண்டோஸ் இயங்குதளத்தில் இவ்வமைப்பு இயல்பாகவே ஆளுக்காள் வேறாக வைக்கப்படுவது. பகலில் இளைஞர் தம் பெயரில் மென்பொருளை இயக்கும்போது அவருடைய அமைப்பு அதற்கு வழிகாட்டும். இரவிலே சேவையகம் இயங்குவது அவர் பெயரிலன்று. தனக்கென அமைந்த சேவைக் கணக்கின் பெயரில். அக்கணக்கிற்குக் காவலன் ஒருவன் உளன் என்பதை எவரும் சொல்லவில்லை. அது நேரே மதிலை மோதி, விடை வாராமையால் மீண்டது.

இதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. புதிய எண்கள் வாராவிடினும் டாப்லோ படத்தை அழிப்பதில்லை. கடைசியாகப் பெற்றதையே தொடர்ந்து காட்டும். ஐந்து முறை தொடர்ந்து தோல்வியுற்றால் அப்பணியைத் தானே இடைநிறுத்தியும் விடும். தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ முன்னரே இடமாற்றம் பெற்றுச் சென்ற ஓர் அலுவலரின் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. தேசப்படமாயின் அடித்தளப் படமும் இணையத்திலிருந்தே வருதலால், வழி அடைபட்டவுடன் கரையும் கடலுமின்றிப் புள்ளிகள் மட்டும் வெண்மையில் மிதந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். கோட்டுப்படத்திற்கு அந்நாணமும் இல்லை. பழைய வாரத்தின் இறக்கத்தைப் புதிய வாரத்தின் செய்திபோலக் காட்டி நின்றது.

திருத்தம் அரைமணி வேலையே. சேவைக் கணக்கின் பெயராலேயே சேவையகத்தினுள் நுழைந்து, இணைய அமைப்புகளிலே பதிலியின் முகவரியையும் துறை எண்ணையும் இட்டோம். ஸ்குவிட் என்னும் பதிலி மென்பொருள் இயல்பாக 3128ஆம் துறையைக் கொள்ளும். 8080 என வைப்பாரும் பலர். அடுத்தது விலக்குப் பட்டியல். விடுதிக்குள்ளே சமையலறைக்குச் செல்வதற்கு வாயிற்காவலரின் உதவி வேண்டுவதில்லை. அதுபோலச் சேவையகம் தன்னோடும் தன் துணைக் கணினிகளோடும் பேசுவதற்குப் பதிலி வேண்டா. ஆகவே அவற்றின் பெயர்களை விலக்காக எழுதுதல் வேண்டும். விண்டோஸில் அப்பெயர்களை அரைப்புள்ளியாற் பிரிக்க வேண்டும். லினக்ஸில் சூழல் மாறிகளாக எழுதும்போது காற்புள்ளியாற் பிரிக்க வேண்டும். நிறுத்தக் குறிகளின் வேறுபாட்டை எம் தமிழாசிரியர் ஏன் அத்துணைக் கண்டிப்போடு கற்பித்தார் என்பது அன்று எனக்கு மீண்டும் விளங்கிற்று.

இத்துறையிற் புகும் இளைஞர்க்கு இரண்டு குறிப்புகள் தருவேன். முதலாவது, பிழையின் மொழியை வாசிக்கப் பழகுக. 407 என்னும் எண் விடையாக வந்தால், வாயிலை அடைந்துவிட்டீர்கள், அடையாளச் சீட்டுத்தான் இல்லை என்பது பொருள். விடையே வாராது காலங்கடந்தால், வாயிலை விட்டு மதிலைத் தட்டுகிறீர்கள் என ஐயுறுக. இரண்டாவது, சில பதிலிகள் மறையீட்டுக் கடிதங்களையும் பிரித்துப் பார்த்து, மீண்டும் தம் முத்திரையிட்டு அனுப்பும். அம்முத்திரையை அறியாத மென்பொருள் அதனை ஏற்க மறுக்கும். அப்போது முத்திரை பார்க்கும் வழக்கத்தையே நிறுத்திவிடுமாறு கூறுவார் உளர். அது தகாது. நிறுவனத்தின் சான்றிதழை முறைப்படி பெற்று, அதனை நம்புமாறு மென்பொருளுக்குக் கற்பித்தலே நெறி. முத்திரை பாராதவன் கள்வன் தந்த கடிதத்தையும் பெற்றுக்கொள்வான்.

அவ்வலுவலகத்திலே யாம் இறுதியாகச் செய்தது மிகச் சிறியது. படத்தின் தலைப்பின்கீழ், தரவு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளும் நேரமும் தாமே தோன்றுமாறு அமைத்தோம். மென்பொருளிலேயே அதற்கு வசதி உண்டு. மறுவாரக் கூட்டத்திலே கோடு ஏறி நின்றது. பரிசோதகரின் பிரிவுக்குக் குழுவும் சென்றது. அதன்பின் அவர் மண்டபத்திற்கு வரும்போதெல்லாம் கோட்டைப் பார்க்குமுன் அத்தேதியையே பார்ப்பார் என்று கேள்வியுற்றேன்.

கல்லூரியிற் பயிலும் தம்பியர் இன்று கணினியில் வரையும் படங்கள் எம் காலத்து வரைபுத்தாளிற் கண்டவற்றினும் பன்மடங்கு அழகியன. அவ்வழகிலே மயங்கற்க. இவ்வெண் எங்கிருந்து வந்தது, எவர் பெயரால் வந்தது, எந்த வாயிலைக் கடந்து வந்தது, என்று வந்தது என்னும் நான்கு வினாக்களையும் ஒவ்வொரு படத்திடமும் கேளுங்கள். கையிற் குறிப்பேட்டோடு நிற்கும் பெரியவர் “இது சரியில்லை, ஐயா” என்றால், கணினி சரியெனக் கூறினும் அவர் சொல்லைக் கேட்டு ஆராயுங்கள்.